ஆணியில் மாட்டாத கோட்டு

"போதும், கேட்டுச்சு. இந்தப் பக்கம் காயட்டும், மத்தத அப்புறம் பேசலாம்" என்று சொல்லிக்கொண்டே யூனியா அபோண்டி வலையின் ஓரத்தைப் பிடித்து ஓர் உதறு உதறுகிறாள். வலையில் பரப்பியிருந்த பொடிமீன் அத்தனையும் எழும்பி, புரண்டு, மறுபக்கமாக விழுகிறது. பக்கத்து வலைக்காரி நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. ரவேரா ஏரிக்கரையில் மீன் காயப்போடும் பெண்கள் எல்லோருக்கும் தெரியும், யூனியா பேசுவது தங்களோடு இல்லை. அவள் ஆண்டவரோடு பேசிக்கொண்டிருக்கிறாள்.

கண்ணை மூடமாட்டாள், கையைக் குவிக்கமாட்டாள். கை சும்மா இருந்தால் அவளுக்கு ஜெபமே வராது. கொக்கை விரட்டிக்கொண்டே ஸ்தோத்திரம் சொல்லுவாள். மேகம் கறுத்தால் சண்டைக்குப் போவாள். "ஏரி இத்தாம் பெருசா கெடக்கே, அக்கரைல ஊரே இல்லையா? எல்லா மழையையும் இங்கயே கொண்டாந்து கொட்டணுமா?" என்பாள். மீன் நனைந்துவிட்டால் அன்றைக்கு முழுக்கப் பேச்சுவார்த்தை கிடையாது. மறுநாள் வெயில் அடித்ததும் அவளே முதலில் பேசிவிடுவாள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் ஜெபிக்கச் சொல்லி ஆயர் கூப்பிட்டால் மட்டும் எழுந்திருக்கமாட்டாள். "வாரம் பூரா நான்தான் பேசிக்கிட்டு இருக்கேன் ஐயா. இன்னைக்கு மத்தவங்க பேசட்டும்" என்று உட்கார்ந்துகொள்வாள்.

நெடுநெடுவென்ற உயரம். சிரிப்பு வந்தால் நின்றபடி சிரிக்கத் தெரியாது, எங்கேயாவது உட்கார்ந்தாக வேண்டும். மீன் காய்ந்துவிட்டதா என்று மற்றவர்கள் ஒடித்துப் பார்ப்பார்கள். இவள் ஒரு பிடி அள்ளிக் காதருகே குலுக்கிக் கேட்பாள். "இன்னும் தண்ணிக் கொரல்லதான் பேசுது" என்று திரும்பப் போடுவாள். அவளிடம் இல்லாத ஒன்று மெல்லிய குரல். யூனியாவிடம் ஒரு ரகசியம் சொன்னால் அது கரை முழுக்கத் தெரிந்த மாதிரிதான். அவள் யாரிடமும் போய்ச் சொல்வதில்லை. "சத்தியமா சொல்லமாட்டேன்" என்று அவள் சத்தியம் செய்வதே நான்கு படகுக்குக் கேட்கும்.

அவள் புருஷன் ஒகுட்டு படகுக்காரன். போன அறுவடை முடிந்த கையோடு நெஞ்சுச்சளி என்று படுத்தவன் எழுந்திருக்கவில்லை. யூனியா அன்றைக்கு அழுத அழுகையை இன்னும் கரையில் சொல்லுகிறார்கள். அழுகை ஓய்ந்து, வந்த சனமெல்லாம் கலைந்த பிறகு, முறை பேச ஆட்கள் வந்தார்கள்.

முன்னால் வந்தவர் ஒகோலா, ஒகுட்டுவின் அண்ணன், குடும்பத்துக்குப் பெரியவர். கெட்டவர் என்று யாரும் சொல்லிவிட முடியாது. தம்பி படுக்கையில் கிடந்தபோது தன் ஆட்டை விற்று மருந்து வாங்கிக் கொடுத்தவர். ஆனால் முறை என்று வந்துவிட்டால் மனிதர் இம்மியும் அசையமாட்டார். செத்தவனின் இடத்துக்கு அவன் வழியில் ஒரு சகோதரன் வந்து, விதவையின் வீட்டில் ஓர் இரவாவது தங்க வேண்டும், அப்போதுதான் சாவுத் தீட்டு கழியும். பங்காளித் தம்பி ஒயூகியைப் பேசி வைத்துவிட்டுத்தான் வந்திருந்தார்.

"யூனியா, ஒயூகி வர்றதுக்கு ஒத்துக்கிட்டான். நாள மட்டும் நீ சொல்லு."

"வரட்டும் பெரியத்தான். டீ போட்டுத் தர்றேன். குடிச்சிட்டு அவரு வீட்டுக்குப் போவட்டும்."

"வெளையாடாத."

"நான் எங்க வெளையாடுறேன்? ஒயூகி பொண்டாட்டி நெரேயா, ஞாயித்துக்கிழமையானா என் பக்கத்துல உக்காந்து பாடுறா. ரெண்டு பேரும் ஒரே கிண்ணத்துல திருவிருந்து வாங்குறோம். அவ புருஷன ராத்திரி என் வீட்டுல வச்சிக்கிட்டு, காலைல அவ வாய் வச்ச கிண்ணத்துல நான் எப்படி வாய் வைப்பேன்? எனக்கு ஆண்டவரு சொன்னது ஒண்ணு இருக்கு. அதத் தாண்டி என்னால முடியாது."

ஒகோலா கோபப்படவில்லை. நிதானமாகத்தான் கேட்டார். "உன் கையில இன்னும் சாவு இருக்கு. இந்தக் கை பட்டா விதைக்குத் தீட்டு. வீட்டுக்குத் தாய் நீ. நீ மொதல்ல விதைக்காம உன் மருமக விதைக்க முடியாது. பெருமழை வந்துட்டா ரெண்டு பேரும் வருஷம் பூரா எத சாப்பிடுவீங்க?"

"ஆண்டவரு பாத்துக்குவாரு."

"ஆண்டவரு மண்வெட்டி தூக்கிட்டு வருவாரா?"

"வரமாட்டாரு. ஆள் அனுப்புவாரு" என்றாள் யூனியா, அவளுடைய வழக்கமான குரலில். தெருவே கேட்டது. பெரிய பேச்சை முதலில் பேசிவிட்டுப் பிறகு உட்கார்ந்து யோசிப்பது அவள் சுபாவம். அன்றைக்கும் அதுதான் நடந்தது.

ஒகோலா விடவில்லை. அடுத்த முறை வரும்போது வழியைச் சுலபமாக்கிக் கொண்டுவந்தார். "சரி, ஒயூகி வர வேண்டாம். அவன் கோட்டு வரட்டும். ஒரே ராத்திரி உன் வீட்டுச் செவத்துல ஆணியில தொங்கட்டும், காலைல எடுத்துட்டுப் போயிடறோம். முறையும் முடிஞ்ச மாதிரி, உன் சாமிக்கும் கொறைச்சல் இல்லாத மாதிரி. வயசான பொம்பளைங்களுக்கு இப்படிப் பண்றது உண்டுதான்."

"எனக்கு வயசாயிருச்சுன்னு சொல்லவா இவ்வளவு தூரம் நடந்து வந்தீங்க?" என்று யூனியா கேட்கவும், கூட வந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். ஒகோலாவும் சிரித்தார். சிரித்து முடித்து, பதிலுக்குக் காத்திருந்தார்.

ஊரில் பாதிப் பேர் அந்தக் கோட்டை வாங்கி மாட்டியிருப்பார்கள். சபையிலேயே முக்கால்வாசிப் பேர் மாட்டியிருப்பார்கள். யூனியாவுக்கும் மாட்டிவிட்டால் என்ன என்று தோன்றாமல் இல்லை. இரண்டு வேளைக்கு அவள் கரையில் கொக்கைக்கூட விரட்டவில்லை. பெண்கள் அவளுக்குக் காய்ச்சல் என்று நினைத்தார்கள். பிறகு ஒகோலாவின் வீட்டுக்கு அவளே சொல்லியனுப்பினாள். "கோட்டு வெறும் துணிதான். ஆனா காலைல அத எடுத்துட்டுப் போறப்ப ஊரு பாக்கும். 'யூனியா முறைய முடிச்சிட்டா, இனி பயமில்ல'ன்னு சொல்லும். நான் வாயத் தொறக்காமலே அந்தக் கோட்டு எனக்காகப் பொய் சொல்லும். எங்கள இந்த வருஷம் காப்பாத்தினது யாருன்னு கேட்டா, கோட்டுதான்னு சொல்லும். எனக்கு வேண்டாம்."

அவள் மாட்டேன் என்று சொன்னதில் நிம்மதியடைந்த ஒரே ஆள் ஒயூகி. அவன் தச்சன், பயந்த சுபாவம். மீன் வாங்க வந்தவன்போல வலையோரம் குந்தி உட்கார்ந்து, தரையைப் பார்த்தபடி சொன்னான்: "அண்ணி, எனக்கு உங்கமேல வருத்தம் ஒண்ணுமில்ல. சொல்லப்போனா, நெரேயா இப்பெல்லாம் என் தட்டுல பெரிய மீனா எடுத்து வைக்கிறா. வெளில மட்டும் சொல்லிறாதீங்க, பெரியவரு என்னக் கொன்னுருவாரு." யூனியாவுக்குச் சிரிப்பு தாங்காமல் மீன் கூடை மேலேயே உட்கார்ந்துவிட்டாள். "சொல்லமாட்டேன் கொழுந்தனாரே! பெரிய மீன் விஷயத்த ஒருத்தர்கிட்டயும் சொல்லமாட்டேன்!" என்றாள். கரை முழுக்கத் தலைகள் திரும்பின. ஒயூகி மீன் வாங்காமலே போய்விட்டான்.

சிரிக்காத ஒருத்தி வீட்டில் இருந்தாள். மருமகள் மெர்சலின். மகன் ஒபூயாவுக்கு நைரோபியில் காவல்காரன் வேலை. போனில் கேட்டால், "அம்மா, நீங்க ரெண்டு பேருமே பேசி ஒரு முடிவுக்கு வாங்க, எனக்கு சார்ஜ் தீரப் போவுது" என்பான். அவனுக்கு எப்போதும் சார்ஜ் தீரப் போகும். கைக்குழந்தையோடு மெர்சலின் மாமியாரிடம்தான் இருக்கிறாள். அவளும் ஞாயிற்றுக்கிழமை சபைக்கு வருகிறவள்தான். ஆனாலும் அவளுடைய அக்கா வீட்டில் ஒருமுறை விதைப்பு வரிசை தப்பிப்போய், அடுத்த மாதங்களில் குழந்தை ஒன்று உருகி உருகிச் செத்துப்போனது. அதைச் சீரா என்பார்கள். முறை மீறியவர்களின் பிள்ளையைப் பிடிக்கும் என்பார்கள்.

"கோட்டுதான அத்தை?" என்று மெர்சலின் கேட்டாள். "ஒரு கோட்டு! நான் வேணும்னா அதத் துவச்சு, இஸ்திரி போட்டு, நானே மாட்டுறேன். நீங்க அந்தப் பக்கம் திரும்பிக்கக்கூட வேண்டாம்."

"சீரா கீரா ஒண்ணுமில்லடி. கர்த்தருக்கு மேல எது இருக்கு?"

"உங்களுக்கு இல்ல அத்தை. அக்கா புள்ளைய மடியில வச்சிருந்தது நான். அது மூச்சு விடமுடியாம என் வெரலப் பிடிச்சுது. எனக்கு இருக்கு."

யூனியா எழுந்து, குழந்தைக்குக் கஞ்சி காய்ச்சப் போய்விட்டாள்.

பெருமழை வந்தது. ஏரிப் பக்கத்து நிலமெல்லாம் கறுத்து இளகியது. பங்காளிகளின் ஏர்மாடுகள் வழக்கமாக எல்லா வீட்டு நிலத்திலும் இறங்கும். இந்த வருஷம் யூனியாவின் வேலியோடு திரும்பிப் போய்விட்டன. அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் உழுது விதைத்து, மக்காச்சோளம் பச்சையாகத் தலை காட்டியது. நடுவில் இவள் நிலம் மட்டும் புல் முளைத்துக் கிடந்தது. அதற்கு அடுத்து, பாதையோரமாக, மகன் பங்கு என்று மெர்சலினுக்குக் கொடுத்த துண்டும் அப்படியே கிடந்தது.

அந்த நாட்களில் யூனியா மீனைக் குலுக்கிக் கேட்க மறந்தாள். அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. சீராவுக்கு அவள் பயப்படவில்லை. தன் பட்டினியைத் தூக்கி ஆண்டவர் கையில் கொடுப்பது அவளுக்குச் சுலபம். கல்யாணத்துக்கு முன்பே பட்டினி பழகிய உடம்பு. மெர்சலினுடைய பட்டினியையும் கைக்குழந்தையின் பட்டினியையும் சேர்த்துக் கொடுக்கத் தனக்கு யார் உரிமை தந்தது என்றுதான் அவள் கலங்கினாள். "நான் கீழ்ப்படிஞ்சதுக்கு நான் பட்டா சரி. அவ ஏன் படணும்? அத எனக்குச் சொல்லும்" என்று கரையில் கேட்டாள். பதில் வந்ததாக அவள் யாரிடமும் சொல்லவில்லை. வலையை உதறிவிட்டு அடுத்த வலைக்குப் போனாள். "வாக்கு மாறாதவருன்னு சொல்லிட்டேன், இனிமே நான் மாற முடியாது" என்று அவள் முனகியதைப் பக்கத்து வலைக்காரி கேட்டிருக்கிறாள். யூனியாவின் முனகல் அவ்வளவு தூரம் கேட்கும்.

ஒரு சனிக்கிழமை காலை ஆள் வந்தது. ஆயரின் மனைவி கெமுன்டோ முன்னால் மண்வெட்டியோடு நடக்க, பின்னால் சபைப் பெண்கள் பாடிக்கொண்டே வந்தார்கள். நெரேயாவும் வந்திருந்தாள், மற்றவர்களைவிடச் சத்தமாகப் பாடிக்கொண்டு. யூனியா உப்பு வாங்கக் கடைக்குப் போயிருந்தாள். கெமுன்டோ கீசி மலைப் பக்கத்துக்காரி, வேறு சனம். கை வேகம், கால் அதைவிட வேகம். எந்த வேலையையும் கண்டவுடன் தொடங்கிவிடுவாள். பாதையோரம் கிடந்த நிலத்தைப் பார்த்தாள், இறங்கினாள், குழி வெட்டினாள், மடியிலிருந்த சோளத்தைப் போட்டாள். பின்னால் வந்தவர்கள் பாட்டு சுகத்தில் தாங்களும் வரிசை பிடித்துக் கொத்த ஆரம்பித்தார்கள். யாருடைய நிலம் என்று ஒருத்திக்கும் தோன்றவில்லை. அது மெர்சலினுடைய துண்டு.

மெர்சலின் போட்ட கூச்சலில் பாட்டு நின்றது. ஓடிவந்து மண்ணில் விழுந்து குழிகளைக் கையால் தோண்டினாள். "அத்தை இன்னும் வெதைக்கல! அத்தை இன்னும் வெதைக்கல! என் புள்ளையக் கொல்லவா வந்தீங்க?" முதுகில் தூளி கட்டிய குழந்தையும் சேர்ந்து கத்தியது.

உப்புப் பொட்டலத்தோடு யூனியா வந்து சேர்ந்தபோது வேலியோரம் ஆட்கள் கூடிவிட்டார்கள். ஒகோலாவும் நின்றார். கெமுன்டோவின் முகம் வெளிறிப்போயிருந்தது. "எனக்கு உங்க லுவோ சனத்து முறையெல்லாம் தெரியாது அக்கா. தெரிஞ்சாலும் நாம ஏன் பயப்படணும்? போட்டது போட்டதுதான். விசுவாசத்துல விட்டுருங்க, முளைக்கட்டும். ஊரே பாக்குது, இதுவே நல்ல சாட்சி" என்றாள்.

நல்ல சாட்சிதான். யூனியாவும் அதைத்தான் இத்தனை நாளும் கேட்டுக்கொண்டிருந்தாள். ஆனால் அவள் உப்பைக் கீழே வைத்துவிட்டு, மருமகள் பக்கத்தில் முழங்காலில் உட்கார்ந்து, ஒவ்வொரு குழியாகக் கிளறி விதைகளைப் பொறுக்கத் தொடங்கினாள். சேறு ஒட்டிய சோளத்தைத் தன் துணியில் துடைத்துத் துடைத்துப் போட்டாள்.

"பாத்துக்குங்க" என்றார் ஒகோலா வேலியிலிருந்து. "வாய்தான் பெருசு. உள்ளுக்குள்ள அவளுக்கும் பயம்தான்."

சிரித்தார்கள். சபைப் பெண்களில் சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள். இதுவரை ஒகோலா சொன்ன எதற்கும் பதில் சொல்லாமல் விட்டதில்லை யூனியா. அன்றைக்கு அடுத்த குழிக்கு நகர்ந்தாள். 

கடைசிக் குழிவரை பார்த்துவிட்டு, பொறுக்கிய விதையை மருமகளின் கையில் கொடுத்தாள். "இது உன் நெலம். என் விசுவாசத்த நான் உன் நெலத்துல வெதைக்க முடியாது. ஒரு வெத விடாம எடுத்தாச்சு, நீயும் பாத்துக்க. என் நெலத்துல நான் போடுறேன். அதுல வெளையிறது நம்ம எல்லாருக்கும். உனக்குத் தைரியம் வந்தா வா, வராட்டியும் உன் தட்டுல உகாலிக் களி இருக்கும்."

பிறகு எழுந்து, கெமுன்டோவின் மண்வெட்டியை வாங்கிக்கொண்டு, தீட்டுப் பட்டதென்று ஊர் சொன்ன அந்தக் கையாலேயே தன் நிலத்தில் முதல் குழியை வெட்டினாள். மழை தூற ஆரம்பித்தது. அவள் விதை போட்டுக் காலால் மண்ணைத் தள்ளி மூடியதும், நெரேயா அடுத்த குழியை வெட்டினாள். பெண்கள் இறங்கினார்கள். ஏர் இறங்காத மண், புல்வேர் கெட்டி, மாலைவரை கொத்தினார்கள். கெமுன்டோ எந்த நிலம் எந்த நிலம் என்று ஒவ்வொரு வரப்பிலும் கேட்டுக் கேட்டு எல்லோருடைய உயிரையும் எடுத்தாள். ஒகோலா கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, "பாக்கலாம்" என்று போய்விட்டார்.

சோளம் முளைத்தது. பங்காளிகளுடையதைவிடக் குள்ளம், வரிசையும் கோணல். யூனியா தினமும் மீன் வேலை முடிந்ததும் வந்து நின்று, ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கூப்பிடாத குறையாகப் பார்க்கிறாள். "லேட்டாத்தான் அனுப்பினீரு. ஆனா அனுப்பினீரு" என்கிறாள். ஒகோலாவின் மாடுகள் அந்த வேலியை உரசிக்கொண்டுதான் தண்ணீருக்குப் போகும். இப்போது சுற்றிக்கொண்டு போகின்றன. தீட்டுக்குப் பயந்தா, முளையைப் பார்த்து இரங்கியா என்று அவரிடம் கேட்க யாருக்கும் தைரியமில்லை. கேட்கக்கூடியவள் யூனியா ஒருத்திதான், அவள் கேட்கவில்லை. ஒயூகி வேலிக்கு இரண்டு கம்பு அடித்துக் கொடுத்தான், பட்டப்பகலில்.

மெர்சலினுடைய துண்டில் மட்டும் புல். அத்தை முதலில் விதைத்தாலும், அது தீட்டுக் கையால் போட்டதுதானே. அவள் காலையில் வாசலில் நின்று மாமியாரின் முளைகளைப் பார்ப்பாள், முதுகிலிருக்கும் குழந்தையின் காலைத் தொட்டுப் பார்ப்பாள், உள்ளே போய்விடுவாள். யூனியா அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஊர் முழுக்கக் கேட்கும் குரலை வைத்துக்கொண்டு அதைக் கேட்காமல் இருப்பது அவளுக்கு எவ்வளவு பாடு என்று அவளுக்கும் ஆண்டவருக்கும்தான் தெரியும்.

மழை இன்னும் விட்டபாடில்லை. இந்த வாரத்தில் ஒரு காலை, அணில் தின்று போன இடங்களில் யூனியா மறுவிதை போட்டுக்கொண்டிருந்தாள். பாதையோரத் துண்டிலிருந்து மண்வெட்டி மண்ணில் இறங்கும் சத்தம் கேட்டது. ஒருமுறை. நின்றது. பிறகு இன்னொரு முறை. ஓரக்கண்ணால் பார்த்தாள். மெர்சலின் செருப்பைக் கழற்றி வரப்பில் வைத்திருந்தாள். குழந்தை முதுகில் தூங்கிக்கொண்டிருந்தது. கையில் சோளத்தைப் பிடித்தபடி, வெட்டிய குழியைக் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றவள், கையைத் திறந்தாள். காலால் மண்ணைத் தள்ளி மூடினாள்.

ஓடிப்போய்க் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது யூனியாவுக்கு. "அல்லேலூயா" தொண்டைவரை வந்துவிட்டது. வாயை இறுக மூடிக்கொண்டு, எதையும் பார்க்காதவள்போல முதுகைத் திருப்பிக் குனிந்து, சற்றுமுன் தானே விதை போட்டு மூடிய குழியையே மறுபடியும் வெட்டத் தொடங்கினாள்.